கதிர்வீச்சுப் பட்டையிலிருந்து உதிரும் எலக்ட்ரான்களைப் பலூன் கொண்டு அளப்பது எப்படி

புவியைச் சூழ்ந்திருக்கும் கதிர்வீச்சுப் பட்டையான வான் ஆலன் பட்டையிலிருந்து வளிமண்டலத்துக்குள் விழும் எலக்ட்ரான் பலூனை வந்து தொடுவதில்லை. இதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். கருவி, உயரம், ஏவும் இடம் எல்லாவற்றையும் முடிவு செய்வது இந்த ஒரு உண்மைதான். பலூன் மிதப்பது 30 முதல் 37 கிலோமீட்டர் உயரத்தில். 100 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (இனி கேஇவி) ஆற்றல் கொண்ட எலக்ட்ரான் ஏறக்குறைய 80 கிமீ உயரத்திலேயே காற்றில் மோதி நின்றுவிடும். அதைப்போல் பத்து மடங்கு ஆற்றல் உள்ளது, அதாவது 1 மெகா எலக்ட்ரான் வோல்ட் (எம்இவி), இன்னும் 20 கிமீ கீழே இறங்கி 60 கிமீ அளவில் நிற்கும். நிற்கும்போது தன் ஆற்றலில் மிகச் சிறு பங்கை எக்ஸ் கதிராக விட்டுவிட்டுப் போகிறது. தடைக்கதிர் என்று சொல்லப்படும் அந்த எக்ஸ் கதிர்தான் கீழே இறங்கிப் பலூனை எட்டுகிறது. நாம் அளப்பது எலக்ட்ரானை அல்ல, அது விட்டுச்சென்ற தடயத்தை.

அப்படியானால் செயற்கைக்கோளே போதாதா என்று கேட்கலாம். தாழ்ந்த சுற்றுப்பாதைக் கோள் நொடிக்கு ஏழரை கிலோமீட்டர் வேகத்தில் பட்டையின் அடிவாரத்தைச் சில நிமிடங்களில் தாண்டிவிடும். எண்ணிக்கை ஏறி இறங்கினால், பொழிவு (எலக்ட்ரான்கள் உதிர்வது) நின்றதா, கோள் அந்த இடத்தைக் கடந்துவிட்டதா என்று அதற்குத் தெரியாது. பலூன் ஏறக்குறைய ஒரே இடத்தில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருக்கிறது. 35 கிமீயில் மிதக்கும் கருவியின் பார்வைக்குள் மேலே சுமார் 100 கிமீ குறுக்களவுள்ள வட்டம் விழும். அங்கே பொழிவு எப்போது தொடங்கியது, எவ்வளவு நேரம் நீடித்தது, எப்போது ஓய்ந்தது என்பதற்குப் பலூன் கொடுக்கும் விடையில் குழப்பம் இல்லை.

இந்த வேலைக்கு முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டியது டார்ட்மத் கல்லூரியின் ராபின் மில்லன் தலைமையில் நாசா நிதியில் நடந்த பேரல் திட்டம். 2013 தொடக்கத்திலும் 2013–14 தென்கோடைக்காலத்திலும் அண்டார்க்டிகாவில் தலா 20 பலூன்கள், பிறகு 2015, 2016 ஆகஸ்டில் சுவீடனின் கிருனாவிலிருந்து சிறிய தொகுதிகள். அதற்கு முன்பும் பாதை இருந்தது. 1957-இல் மினியாபொலிஸ் வானில் துருவ ஒளி தோன்றியபோது விங்க்ளர் குழுவின் பலூன் எக்ஸ் கதிர்களைப் பதிவு செய்தது. 1996 ஆகஸ்ட் 20 அன்று கிருனாவுக்கு மேலே மிதந்த பலூனில், புவியின் மாலை நேரப் பக்கத்தில், எம்இவி அளவுக்கு ஆற்றல் மிக்க பொழிவு முதன்முதலாகத் தென்பட்டது. கீழே வரும் வழிமுறை பெரும்பாலும் பேரல் வகைக் கருவியை ஒட்டியது.

எங்கே, எப்போது ஏவுவது

வான் ஆலன் பட்டைகளில் வெளியே இருப்பதன், அதாவது வெளிப்பட்டையின், காந்தப்புலக் கோடுகள் தரையைத் தொடும் இடத்துக்குத்தான் போக வேண்டும். கணக்கு எளிது. ஒரு புலக்கோடு நிலநடுக்கோட்டுத் தளத்தில் புவி மையத்திலிருந்து எத்தனை புவி ஆரம் தள்ளி வெட்டுகிறதோ அது எல் மதிப்பு. இருமுனைக் காந்தமாகப் புவியைக் கொண்டால், அந்தக் கோடு தரையிறங்கும் காந்த அகலக்கோட்டின் கொசைன் வர்க்கம் 1/எல். எல் 4 என்றால் 60 டிகிரி, 6 என்றால் 66 டிகிரி, 7 என்றால் 68 டிகிரி. ஆக, காந்த அகலக்கோடு 58 முதல் 68 வரையுள்ள வளையமே களம். பிரிட்டனின் ஹேலி 6 நிலையமும் தென்னாப்பிரிக்காவின் சனே 4 நிலையமும் எல் 4-க்கும் 5-க்கும் நடுவில் இருக்கின்றன. கிருனா 5-ஐச் சற்றே தாண்டியது. அண்டார்க்டிகாவின் அந்தப் பக்கத்தில் இன்னொரு வசதியும் உண்டு. தென் அட்லாண்டிக்கை ஒட்டிப் புவிக்காந்தப்புலம் வலுக்குறைந்திருப்பதால், கிழக்கே நகர்ந்துகொண்டே வரும் எலக்ட்ரான்களில் விளிம்பில் இருப்பவை அங்கேதான் வளிமண்டலத்தில் சிக்குகின்றன.

ஹைதராபாத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் தேர்ந்த பலூன் தளம் இருக்கிறதே, அங்கிருந்து செய்ய முடியாதா என்ற கேள்வி நம்மவர்களுக்கு எழும். முடியாது. காந்த நடுக்கோடு தும்பாவை ஒட்டிப் போகிறது. தென்னிந்தியாவில் புலக்கோடுகள் ஏறக்குறையக் கிடைமட்டம். அவை பட்டை வரை உயர்வதே இல்லை. எவ்வளவு நல்ல பலூனை ஏவினாலும் அங்கே வருவது அண்டக்கதிர் பின்னணி மட்டுமே. ஆனால் கருவியின் பின்னணியை அறிய, மின்னணுச் சுற்றுகளைச் சோதிக்க, குழுவைப் பழக்க அப்படிப்பட்ட தளம் மிகவும் உதவும்.

காலம் என்பது காற்றைப் பொறுத்தது. துருவக் கோடையில் அடுக்குமண்டலக் காற்று துருவத்தைச் சுற்றிக் கிழக்கிலிருந்து மேற்காக ஓடும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் அண்டார்க்டிகாவில் ஏவினால் பலூன் கண்டத்தைச் சுற்றிக்கொண்டே பல நாள் மிதக்கும். சூரியன் மறையாததால் வாயு குளிர்ந்து பலூன் இறங்கும் தொல்லையும் பெரிதாக இல்லை, சூரியத் தகடுகளுக்கும் ஓய்வில்லை. கிருனாவில் ஆகஸ்ட் என்றால் காற்று திசைமாறத் தொடங்கும் நேரம். பலூன் மெதுவாக நகரும், சில நாட்களில் பக்கத்து நாட்டு எல்லைக்குள் போவதற்குள் இறக்கிவிடலாம். ஆனால் இரவு உண்டு. இரவில் வாயு சுருங்கிப் பலூன் சில கிலோமீட்டர் இறங்கும், அளவீடு குலையும்.

உயரத்தில் கஞ்சத்தனம் கூடாது

35 கிமீக்கு மேல் சதுர சென்டிமீட்டருக்கு மீதமிருக்கும் காற்று சுமார் 6 கிராம். 30 கிமீயில் 12 கிராம், 25 கிமீயில் 25 கிராம். 100 கேஇவி எக்ஸ் கதிரை ஒரு கிராம் காற்று தடுக்கும் கெழு 0.154. மேலிருந்து நேராக வரும் கதிரில் மோதாமல் வந்து சேர்வது 35 கிமீயில் 40 சதவீதம், 30 கிமீயில் 16 சதவீதம், 25 கிமீயிலோ 2 சதவீதம். பத்து கிலோமீட்டர் இறங்கினால் சிக்னலில் இருபதில் ஒரு பங்குதான் மிஞ்சும். 30 கேஇவி கதிருக்கு 35 கிமீயிலேயே 12 சதவீதம்தான் தேறும். அதனால் 30 கிமீக்குக் கீழே மிதக்கும் பறப்பில் மென்மையான (குறைந்த ஆற்றலுள்ள) பொழிவு தெரியவில்லை என்றால் அது நடக்கவில்லை என்று எழுதிவிடக் கூடாது.

சாதாரண வானிலை ரப்பர் பலூன் இந்த உயரத்தை எட்டும், எட்டியதும் வெடித்துவிடும். பொழிவு எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாத நிலையில், உச்சியில் சில நிமிடங்கள் மட்டும் இருக்கும் பலூனால் பயன் குறைவு. தேவை சுழி அழுத்த பாலித்தீன் பலூன். அடிப்பக்கம் திறந்திருக்கும். மிதக்கும் உயரத்தில் மிகுதி வாயு வெளியேறிவிட, அங்கேயே நிற்கும். பேரல் பலூன்களின் கொள்ளளவு ஏறக்குறைய 8,500 கனமீட்டர். விரிந்தால் குறுக்களவு 27 மீட்டர் அளவு.

கருவி

பலூனில் தொங்கும் பெட்டிக்குள் இருப்பது 3 அங்குல விட்டமும் 3 அங்குல நீளமும் உள்ள சோடியம் அயோடைடு படிகம், தாலியம் சிறிதளவு சேர்த்தது. அதன் பின்னால் ஃபோட்டோமல்டிபிளையர் குழாய். எக்ஸ் கதிர் படிகத்தில் பட்டால் சிறு ஒளித்துடிப்பு. குழாய் அதை மின்துடிப்பாக்கும். துடிப்பின் உயரமே ஆற்றல். 20 கேஇவியிலிருந்து 10 எம்இவி வரை ஒரே படிகத்தால் அளக்கலாம். திசையறியும் கவசம் எதுவும் போடுவதில்லை. ஈயக்கவசம் எடையைக் கூட்டும், அண்டக்கதிர் அதில் மோதி உண்டாக்கும் இரண்டாம் நிலைக் கதிர்களும் சேர்ந்துகொள்ளும். விலையுயர்ந்த ஜெர்மானியம் உணர்கருவிக்கு ஆற்றல் பிரிதிறன் மிகக் கூடுதல்தான், ஆனால் தடைக்கதிரின் நிறமாலை வழவழப்பான சரிவு. கூர்மையான கோடுகள் இல்லாத இடத்தில் அந்தப் பிரிதிறனுக்குச் செலவழிப்பதைவிட அதே பணத்தில் இன்னும் சில பலூன்கள் ஏவுவது மேல்.

இந்தப் படிகத்துக்கு இரண்டு பலவீனங்கள். ஈரம் பட்டால் மஞ்சளாகிக் கெடும். உறையின் முத்திரை பிரியவே கூடாது. வெப்பநிலை சட்டென்று மாறினால் விரிசல் விடும். மணிக்கு 8 டிகிரி செல்சியஸுக்கு மேல் மாறவிடாதீர்கள். சூடான கூடாரத்திலிருந்து பனிவெளிக்கு வெற்றுப் படிகத்தைத் தூக்கிக்கொண்டு போவது அதைக் கொல்லும் வழி. நுரைப்பெட்டிக்குள் அடைத்த பிறகே வெளியே எடுங்கள்.

மின்னழுத்தப் பகுதிதான் பறப்புகளை முடித்துவைக்கும் இடம். குழாய்க்கு 800 முதல் 1,000 வோல்ட் தேவை. தரை அழுத்தத்தில் காற்று நல்ல காப்பு. முழு வெற்றிடமும் நல்ல காப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருக்கிறது: 1 மில்லிமீட்டர் இடைவெளியில், 7 அல்லது 8 ஹெக்டோபாஸ்கல் அழுத்தத்தில், 330 வோல்ட்டிலேயே காற்று மின்பொறியாக உடையும். 7–8 ஹெக்டோபாஸ்கல் என்பது 33 கிமீ உயரம். நாம் வேண்டுமென்றே போய் உட்காரும் இடம் அதுவேதான். வெற்றுப் பற்றவைப்பு முனை ஒன்று போதும், எண்ணிக்கை திடீரென்று தாறுமாறாக ஏறும், பிறகு மின்வழங்கி செத்துப்போகும். எனவே உயர் மின்னழுத்தப் பகுதி முழுவதையும், கம்பி நுழையும் இடம் உட்பட, சிலிக்கோன் ரப்பரில் அடைத்து மூடுங்கள். ஊற்றுவதற்கு முன் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, தேவையான அடித்தளப் பூச்சு பூசி, ஊற்றியதும் வெற்றிடக் கலத்தில் வைத்துக் குமிழிகளை வெளியேற்றுங்கள். உள்ளே ஒரு குமிழி தங்கினால் அதற்குள்ளிருக்கும் காற்று நாட்பட மெல்லக் கசிந்து, நாலாம் நாள் அதே பள்ளத்தை எட்டும். முதல் நாள் நன்றாக ஓடிய கருவி நாலாம் நாள் ஏன் செத்தது என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும்போது முதலில் சந்தேகப்பட வேண்டியது இதை.

சோதனைக் கலத்தில் நேராக 5 ஹெக்டோபாஸ்கலுக்கு இறக்கி அங்கே நிறுத்திப் பார்ப்பது போதாது. 50-இலிருந்து 1 வரை மிக மெதுவாக, மின்னழுத்தம் ஓடிக்கொண்டிருக்க, குளிரிலும் வெப்பத்திலும் கொண்டுபோங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் எண்ணிக்கை வளைவில் ஒரு முள்கூட இருக்கக் கூடாது.

ஆற்றல் அளவுகோலைத் தரையில் அமெரிசியம்-241 (59.5 கேஇவி), சீசியம்-137 (662), கோபால்ட்-60 (1,173, 1,332) கொண்டு நிர்ணயியுங்கள். பறக்கும்போது மூலங்கள் எதுவும் தேவையில்லை. அண்டக்கதிரே ஒன்றைத் தருகிறது. பாசிட்ரான் அழிவதால் உண்டாகும் 511 கேஇவி கோடு பின்னணி நிறமாலையில் எப்போதும் மேடாகத் தெரியும். படிகத்தின் ஒளியும் குழாயின் பெருக்கமும் வெப்பநிலையோடு நகரும் என்பதால், சில நிமிடங்களுக்கு ஒருமுறை அந்த மேட்டின் நடுவைக் கண்டுபிடித்து அளவுகோலைத் திருத்த வேண்டும். இதைச் செய்யாமல் எந்த நிறமாலையையும் நம்பாதீர்கள்.

கூடவே மூன்று அச்சுக் காந்தமானி ஒன்றும், ஜிபிஎஸ் ஒன்றும். காந்தமானியை மின்கலத்திலிருந்தும் மோடத்திலிருந்தும் தள்ளி ஒரு கையின் முனையில் வையுங்கள். சூரியத் தகட்டு மின்னோட்டத்தின் போக்கும் வரவும் முறுக்கிய கம்பியில் போகட்டும். இல்லையென்றால் பெட்டி சுழலும் ஒவ்வொரு முறையும் தகடுகள் மாறி மாறி வெயில் வாங்குவதே காந்த அலைபோலத் தெரியும்.

குளிர், வெயில், மின்சாரம்

மேலே குளிரும் என்று பயந்து கனமாகப் போர்த்துவது பழக்கமில்லாதவர்கள் செய்யும் தவறு. 35 கிமீயில் வெப்பத்தைக் கொண்டுபோகக் காற்று இல்லை. மேலே மறையாத சூரியன், கீழே வெண்பனியின் எதிரொளி. பெட்டி வெந்துபோவதற்கே வாய்ப்பு அதிகம். 5 செமீ பாலிஸ்டைரீன் நுரை, வெளியே வெள்ளைப் பூச்சு அல்லது வெள்ளை நாடா என்பதே நடைமுறை. பளபளக்கும் அலுமினியத் தாளை வெளியே சுற்றாதீர்கள். அது வெயிலைக் கொஞ்சம்தான் வாங்கும், ஆனால் வாங்கியதை வெளியே கதிர்வீசவும் தெரியாது, சூடேறிக்கொண்டே போகும். ஏறும் வழியில் 10 கிமீ அருகே மைனஸ் 50 டிகிரியை அரைமணி நேரத்துக்கு மேல் கடக்க வேண்டியிருக்கும். காற்றும் உறைக்கும் இடம் அதுதான். அந்தக் குளிர்தான் மின்கலத்துக்கு உண்மையான சோதனை.

சூரியத் தகடுகளை நான்கு பக்கமும் செங்குத்தாக நிறுத்துங்கள். துருவத்தில் சூரியன் தாழ்வாகவே சுற்றிவருவதால் படுத்த தகட்டுக்கு ஒளி குறைவாகவே விழும். பெட்டி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு தகட்டில் வெயில் படும்.

தரவை இறக்குவது

அண்டார்க்டிகாவில் பெட்டி எங்கே விழும் என்பது உங்கள் கையில் இல்லை. மீட்பதை நம்பித் திட்டமிடக் கூடாது. எல்லாத் தரவும் பறக்கும்போதே இரிடியம் செயற்கைக்கோள் இணைப்பில் இறங்க வேண்டும். அதன் தரவு வேகம் நொடிக்கு 2,400 பிட். இந்தக் குறுகிய வாய்க்காலை எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் திட்டத்தின் அறிவியல் அடங்கியிருக்கிறது, அதனால் கொஞ்சம் விவரமாகப் பார்ப்போம்.

புவியின் காலை நேரப் பக்கத்தில் வரும் நுண்வெடிப்புகள் என்ற குறும்பொழிவுகள் ஒவ்வொன்றும் பத்தில் ஒரு நொடி அளவுதான் நீடிக்கும். அவற்றைப் பிடிக்க 50 மில்லிநொடிக்கு ஒருமுறை எண்ண வேண்டும். ஆனால் அந்த வேகத்தில் முழு நிறமாலை அனுப்ப இடமில்லை. ஆகவே வேகச் சேனல்கள் நான்கே நான்கு: ஏறக்குறைய 180 கேஇவி வரை, 180–550, 550–840, 840–1,500. எண்ணிக்கை மிகுந்த முதல் இரண்டுக்கு 16 பிட், அடுத்த இரண்டுக்கு 8 பிட் போதும். நொடிக்கு 20 முறை 48 பிட் என்றால் 960 பிட். நடுத்தர நிறமாலை 48 சேனல், 4 நொடிக்கு ஒருமுறை: 192 பிட். முழு நிறமாலை 256 சேனல், 32 நொடிக்கு ஒருமுறை: 128 பிட். காந்தமானி நொடிக்கு 4 முறை, மூன்று அச்சு, 24 பிட்: 288. கூட்டினால் 1,568. ஜிபிஎஸ், வெப்பநிலைகள், மின்னழுத்தங்கள், சட்ட எண் (ஒவ்வொரு நொடித் தரவுத் தொகுதியின் வரிசை எண்), பிழைச்சோதனை எல்லாம் 144 பிட்டில் அடங்கினால் நொடிக்கு 1,712 பிட், அதாவது 214 பைட். 2,400-க்குள் மூச்சுவிட இடம் மிஞ்சும். அந்த இடத்தையும் நிரப்பிவிட ஆசை வரும், நிரப்பாதீர்கள். இணைப்பு அறுந்து மீண்டும் பிடிக்கும்போது தேங்கியதைத் தள்ள அது வேண்டும்.

32 நொடி நிறமாலையை நொடிக்கு 8 சேனலாகப் பிரித்து அனுப்புவதால், நடுவில் ஒரு நொடிச் சட்டம் தொலைந்தால் நிறமாலையில் 8 சேனல் ஓட்டை விழும். படிக்கும் நிரல் அந்த இடத்தில் சுழியம் போடக் கூடாது. ‘இல்லை’ என்றே குறிக்க வேண்டும். சுழியம் போட்டால் பிற்பாடு பொருத்தும் கணக்கு, அங்கே கதிரே வரவில்லை என்று எடுத்துக்கொண்டு விபரீதமான விடை தரும்.

வாயு நிரப்பி ஏவுவது

பலூன் 20 கிலோ, தொங்கும் பொருள் எல்லாம் 25 கிலோ என்று கொள்வோம். மொத்தம் 45. தூக்கு விசை இதற்குச் சமமாக இருந்தால் பலூன் நகராது. 10 சதவீதம் கூடுதல் வேண்டும். ஆக 49.5 கிலோ தூக்கு. 0 டிகிரியில், கடல்மட்டத்தில், ஒரு கனமீட்டர் ஹீலியம் 1.11 கிலோ தூக்கும். தேவை 44.6 கனமீட்டர். 50 லிட்டர், 200 பார் உருளை ஒன்றில் சுமார் 9 கனமீட்டர் என்றால் ஐந்து உருளை. ஆறாவதை அருகில் வையுங்கள். தரையில் 44 கனமீட்டராக இருக்கும் குமிழி மேலே 8,500 கனமீட்டராக, 190 மடங்கு விரியும். ஏவும்போது பலூனின் பெரும்பகுதி கயிறுபோலத் தொங்கிக்கொண்டிருக்க, உச்சியில் ஒரு சிறு குமிழி மட்டும் புடைத்திருப்பது அதனால்தான்.

எவ்வளவு நிரப்பினோம் என்பதை உருளையின் அழுத்தமானியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வாயு வேகமாக வெளியேறும்போது உருளை குளிரும், அழுத்தமானி உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். நிரப்பியது கூடுதல் என்று நினைத்து நிறுத்திவிடுவீர்கள். குமிழி இழுக்கும் விசையையே தராசு வைத்து அளங்கள். கூடுதல் தூக்கு 5 சதவீதத்துக்கு இறங்கினால் பலூன் மெதுவாக ஏறி, வாயு குளிர்ந்து, 10–15 கிமீயில் தேங்கிவிடலாம். 20-ஐத் தாண்டினால் வேகமாக ஏறி, குளிரில் விறைத்த பாலித்தீன் உச்சியில் கிழியலாம். நொடிக்கு 5 மீட்டர் நல்ல வேகம்; இரண்டு மணி நேரத்தில் மிதக்கும் உயரம்.

தரைக்காற்று நொடிக்கு 3 மீட்டருக்குள் இருக்கும் வேளையைக் காத்திருந்து பிடியுங்கள். தரையில் மட்டுமல்ல, குமிழி எழும் 30–40 மீட்டர் உயரத்திலும் காற்று எப்படி இருக்கிறது என்று சிறு ரப்பர் பலூனை நூலில் கட்டிப் பாருங்கள். பனிமேல் விரித்த துணியில் பலூனைக் காற்றின் போக்கில் நீட்டி, உருளைப்பிடியில் குமிழியை அடக்கி, வெறும் கை படாமல் பருத்திக் கையுறையோடு வேலை செய்யுங்கள். மோதிரமும் கைக்கடிகாரமும் கழற்றி வையுங்கள். இருபது மைக்ரான் அளவே தடிமனுள்ள படலத்தில் நகக்கீறல் போதும். பிடியை விட்டதும் குமிழி எழும், மடிப்புகள் சரசரவென்று பிரிந்து மேலே ஓடும், தொங்கும் பகுதி நிமிரும். பெட்டியை ஏந்தி நிற்பவர் பலூனுக்கு நேர் கீழே வரும்வரை அதோடு நடந்து, கயிறு இறுகிய பிறகுதான் விட வேண்டும். முன்னதாக விட்டால் பெட்டி ஊசலாடித் தரையில் மோதும். மறந்துபோகிற சிறு விஷயம் ஒன்று: கருவி ஓடுகிறதா, முதல் தரவு இரிடியம் வழியாக வந்ததா என்பதை நிரப்பத் தொடங்கும் முன்பே உறுதி செய்யுங்கள். நிரப்பிய பலூனைத் திருப்பி எடுக்க முடியாது.

6 கிலோவுக்கு மேல் சுமக்கும் ஆளில்லாப் பலூன் பன்னாட்டு விமான விதிகளில் கனரக வகை. ஒன்றையொன்று சாராத இரண்டு பறப்பு நிறுத்தும் கருவிகள், ரேடார் எதிரொளிப்பான், கடக்கப்போகும் நாடுகளின் முன்அனுமதி எல்லாம் வேண்டும். நிறுத்தும் கருவிகளில் ஒன்று கட்டளையைக் கேட்காமல் தானே இயங்கும் கடிகாரமாக இருக்கட்டும்.

ஒன்று போதாது

ஒற்றைப் பலூன் தன் தலைக்கு மேலே 100 கிமீ வட்டத்தை மட்டும் பார்க்கிறது. அங்கே பொழிவு இரண்டு மணி நேரம் நீடித்தால், அது ஒரு மூலையில் நடந்ததா, பட்டையின் கால்பங்கு முழுவதும் நடந்ததா என்று தெரியாது. மொத்த இழப்பைக் கணக்கிட இந்த விடைதான் தேவை. அதனால்தான் பேரல் ஒரு நாள், இரண்டு நாள் இடைவெளியில் தொடர்ந்து ஏவி, வானில் ஒரே சமயத்தில் பல பலூன்கள் வரிசையாக மிதக்கும்படி செய்தது. அடுத்தடுத்த பலூன்களுக்கு இடையே காந்த நேரத்தில் (புவிக்காந்த அச்சை வைத்துக் கணிக்கும் உள்ளூர் நேரத்தில்) ஒரு மணி அளவு இடைவெளி நல்லது. இரண்டு நிலையங்களிலிருந்து ஏவுவதால், ஓரிடத்தில் புயல் அடித்தாலும் வரிசை அறாது.

இதற்கு மேலும் ஒரு துணை வேண்டும்: பட்டைக்குள்ளேயே இருந்து அலைகளை அளக்கும் கோள். 2012 ஆகஸ்ட் 30 அன்று ஏவப்பட்ட வான் ஆலன் ஆய்வுக்கோள்கள் இரண்டும் 2019 வரை அந்த வேலையைச் செய்தன. எல் 5-இல் நிலநடுக்கோட்டுத் தளத்தில் இழப்புக் கூம்பின் (வளிமண்டலத்தில் விழப்போகும் எலக்ட்ரான்கள் செல்லும் திசைகளின்) அகலம் 4 டிகிரிக்கும் குறைவு. அவ்வளவு குறுகிய கூம்புக்குள் விழுபவற்றைப் பட்டைக்குள் இருக்கும் கோள் பிரித்துப் பார்ப்பது மிகக் கடினம். பலூனுக்கோ விழுந்தவை மட்டும்தான் தெரியும். ஒன்று காரணத்தைப் பார்க்கிறது, மற்றது விளைவை. 2014 ஜனவரி 3 அன்று பலூனில் எக்ஸ் கதிர் நிமிடக் கணக்கில் ஏறி இறங்கியதும், கோள் பார்த்த ஹிஸ் எனும் பிளாஸ்மா அலைகளின் வலிமை ஏறி இறங்கியதும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. பிளாஸ்மாக் கோளத்தின் (புவியை ஒட்டிய அடர்ந்த குளிர் பிளாஸ்மாப் பகுதியின்) பெரும் பரப்பு ஒரே தாளத்தில் அசைகிறது என்பது அப்படித்தான் வெளிப்பட்டது.

வரைபடத்தில் எது எது

ஏறும்போது எண்ணிக்கை 15–20 கிமீ அருகே உச்சத்தைத் தொட்டு இறங்கும். அது அண்டக்கதிர்ப் பொழிவின் இயல்பு, பட்டையோடு தொடர்பில்லை. மிதக்கத் தொடங்கிய பின் அமைதியான சில மணி நேரங்களை எடுத்து, உயரத்துக்கும் எண்ணிக்கைக்கும் ஒரு நேர்கோடு பொருத்துங்கள். பலூன் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் பின்னணி கூடும்; அதைப் பொழிவு என்று நினைத்துவிட எளிது. சூரியப் பிழம்பு வெடித்தால் அதன் எக்ஸ் கதிர், வெயிலில் மிதக்கும் எல்லாப் பலூன்களிலும் ஒரே நொடியில் தெரியும். எல்லாவற்றிலும் ஒரே கணத்தில் எழும் முள்ளைக் கண்டால் முதலில் கோஸ் எனும் அமெரிக்க வானிலைக் கோள்களின் பிழம்புப் பதிவைப் பாருங்கள். 2014 ஜனவரி 7-ஐ ஒட்டிய நாட்களைப்போலச் சூரியத் துகள்கள் வந்து சேரும்போது பின்னணியே உயரும். பழைய நேர்கோடு அப்போது செல்லாது.

பொழிவு என்று உறுதியானபின் வடிவத்தைப் பாருங்கள். நள்ளிரவிலிருந்து காலை வரை, பெரும்பாலும் முதல் சேனலில் மட்டும், பத்தில் ஒரு நொடி அளவில் கொத்துக் கொத்தாக வந்தால் நுண்வெடிப்பு. அதற்குக் காரணமாகக் கோரஸ் எனும் பிளாஸ்மா அலைகளைத் தேடுங்கள். மாலைப் பக்கத்தில் நிமிடங்கள் முதல் மணிக்கணக்கில் நீண்டு, நான்காம் சேனலிலும் தெளிவாக ஏறினால், எம்இவி எலக்ட்ரான்கள் விழுகின்றன. அதற்குக் காரணமாக, அயனி சைக்ளோட்ரான் எனும் பிளாஸ்மா அலைகள் முதல் சந்தேகம்.

நுண்வெடிப்பு தேடுவதில் ஒரு கண்ணி உண்டு. ஒரு நாளில் 50 மில்லிநொடி நேரக்கூறுகள் 17,28,000. சராசரியிலிருந்து மூன்று சிக்மா (திட்டவிலக்கம்) மேலே போனதையெல்லாம் வெடிப்பு என்று கொண்டால், வானத்தில் ஒன்றுமே நடக்காத நாளிலும் 2,300-க்கு மேல் ‘கண்டுபிடிப்புகள்’ கிடைக்கும். பின்னணி ஒரு நேரக்கூறுக்கு 40 எண்ணிக்கை என்றால் ஐந்து சிக்மா என்பது கூடுதலாக 32. அந்த அளவோடு, அடுத்தடுத்த இரண்டு நேரக்கூறுகளாவது உயர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேருங்கள்.

கடைசிப் படி எக்ஸ் கதிரிலிருந்து எலக்ட்ரானுக்குத் திரும்புவது. இதை நேராகப் பின்னோக்கிச் செய்ய முடியாது. 1 எம்இவி எலக்ட்ரான் எல்லாக் கீழாற்றல்களிலும் கதிர் விடும். நிறமாலைகள் ஒன்றின்மேல் ஒன்று படிந்துவிடும். முன்னோக்கித்தான் போக வேண்டும். துகள்களின் பயணத்தைக் கணினியில் போலச் செய்யும் ஜியான்ட்4 போன்ற நிரலில், ஒவ்வொரு ஆற்றலிலும் எலக்ட்ரான்களை 100 கிமீக்கு மேலிருந்து விட்டு, குறிப்பிட்ட உயரத்திலுள்ள படிகத்தில் என்ன பதிவாகும் என்று அட்டவணை போடுங்கள். 30, 32, 34, 36 கிமீக்குத் தனித்தனி அட்டவணை வேண்டும். ஒரே அட்டவணையை எல்லா உயரத்துக்கும் பயன்படுத்தினால் மென்மையான பொழிவைத் தவறாக மதிப்பிடுவீர்கள். பிறகு எலக்ட்ரான் நிறமாலையை அடுக்குக்குறிச் சரிவாகக் கொண்டு, சரிவின் ஆற்றலையும் மொத்த எண்ணிக்கையையும் மாற்றிப் பொருத்துங்கள். ஒற்றை ஆற்றல் என்ற அனுமானத்தோடும் ஒருமுறை பொருத்திப் பாருங்கள். இரண்டும் சமமாகப் பொருந்தினால், நிறமாலை வடிவத்தைப் பற்றி அந்தத் தரவால் எதுவும் சொல்ல முடியாது என்று அப்படியே எழுதிவிடுவதே முறை.

பலூன் ஏவ வசதியில்லாதவர்கள் இந்தப் பகுதியை இன்றே தொடங்கலாம். பேரல் தரவு முழுவதும் நாசாவின் சிடிஏவெப் தளத்தில், சிடிஎஃப் கோப்புகளாக, பலூன்வாரியாகவும் நாள்வாரியாகவும் இலவசமாகக் கிடைக்கிறது. வேகச் சேனல், நடுத்தர நிறமாலை, முழு நிறமாலை, காந்தமானி, இருப்பிடம் என்று தனித்தனிக் கோப்புகள். 2014 ஜனவரி 9-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சூரியனிலிருந்து வந்த அதிர்ச்சி அலை காந்தக்கோளத்தில் மோதிய நாள். எல்லாப் பலூன்களின் முதல் சேனலையும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே நேர அச்சில் வரைந்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அதன் எல் மதிப்பையும் காந்த நேரத்தையும் எழுதுங்கள். எல் மதிப்பைக் கணக்கிட எந்தக் காந்தப்புல மாதிரி பயன்பட்டது, எந்தக் கேபி குறியீடு (புவிக்காந்தக் குழப்பத்தின் அளவு) கொடுக்கப்பட்டது என்பதையும் படத்திலேயே குறியுங்கள். குழப்பமான நாட்களில், அதிலும் மாலைப் பக்கத்தில், மாதிரியை மாற்றினால் எல் மதிப்பும் நகரும். பலூனும் கோளும் ஒரே புலக்கோட்டில் இருந்தன என்ற கூற்று அந்த நகர்வுக்குத் தாங்குகிறதா என்று பார்த்த பிறகே அதை எழுத வேண்டும்.